மூன்று விரல் தூக்கம்

மூன்றாவது முறை பெயரைக் கூப்பிட்டபோதும் கோவிந்தராசு அண்ணன் குறட்டையைத்தான் பதிலாகச் சொன்னார்.

இடம், ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பு. கரும்பலகையில் யாரோ போட்டுவிட்டு அழிக்காமல் போன பெருக்கல் கணக்கு. அதற்கு நேர் கீழே, சுவரில் தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, வெளுத்த வேட்டியோடு அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி செல்லம்மா அக்கா, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மேசைக்குப் பின்னால் குத்தகைப் பதிவு அதிகாரி. அவருக்கு இடப்பக்கம், ஊர் நிலக்கணக்கு எழுதும் கர்ணம். வலப்பக்கம், அண்ணன் உழும் நிலத்துக்குச் சொந்தக்காரரான பெரியவீட்டு ஐயா. வாசலில், ஒரு தூக்குப் பானையும் பத்துக் கண்ணாடித் தம்ளருமாக, சுக்குக் காபி விற்க வந்திருந்த நான்.

கூட்டம் கூடுகிற இடத்தில் நாலு தம்ளர் விற்கலாம் என்றுதான் வலங்கைமானிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருந்தேன். வந்த இடத்தில் எழுந்திருக்கவே முடியாமல் ஒருவர் தூங்குகிறார். அந்தத் தூக்கம் என் கைச்சரக்கு.

அது எப்படி என் கைச்சரக்கானது என்று சொல்லிவிட்டு மறுபடி இந்த வகுப்பறைக்கு வருகிறேன். அண்ணன் அதற்குள் எங்கும் போய்விட மாட்டார்.

நான் வைத்தியனான விதம்

எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் இரண்டு முறை தேறாமல் கோட் அடித்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், 'இரண்டு முறைதானா?' என்று கேட்டு எழுதியிருக்கிறார். என்னை நன்றாக அறிந்தவர்போல் இருக்கிறது. மூன்று முறை.

மூன்றாவது முறைக்குப் பிறகு, வலங்கைமான் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த என் தாய்மாமன் சைக்கிளிலிருந்து விழுந்து தொடையை உடைத்துக்கொண்டார். கட்டுப்போட்டுக்கொண்டு குத்தாலத்தில் மகள் வீட்டில் போய்ப் படுத்துவிட்டார். குடும்பத்தில் வேலைவெட்டி இல்லாமல் இருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் சாவி என்னிடம் வந்தது. தகுதி பார்த்து வந்த சாவி அல்ல.

கடையில் நூற்றுக்கும் மேல் டப்பாக்கள். முந்தைய மழையில் கூரை ஒழுகி, பாதி டப்பாக்களில் ஒட்டியிருந்த காகிதம் உரிந்து விழுந்திருந்தது. நான் மோந்து பார்த்துத்தான் கொடுத்தேன். ஒருவர் கோஷ்டம் கேட்டார், சித்தரத்தையைக் கொடுத்துவிட்டேன். அவர் திரும்பி வந்து, ரசத்துக்கு நன்றாக இருந்தது, இன்னும் கொஞ்சம் கொடு என்றார். அதோடு எனக்குத் தன்னம்பிக்கை வந்துவிட்டது. அப்போது வந்திருக்கக் கூடாத ஒன்று.

மாமாவின் நோட்டில் தூக்கப் பொடிக்கு ஒரு குறிப்பு இருந்தது. அமுக்கராக் கிழங்கு, கசகசா, ஏலம், கல்கண்டு எல்லாவற்றுக்கும் அளவு போட்டிருந்தார். கடைசியில் 'சாதிக்காய் சிறிது' என்று மட்டும் எழுதியிருந்தார். சிறிது என்றால் எவ்வளவு? எனக்குச் சாதிக்காய் வாசனை பிடிக்கும். அதனால் என் சிறிது மாமாவின் சிறிதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

இடித்துச் சலித்து, முதலில் எனக்கே கொடுத்துப் பார்த்தேன். விஞ்ஞான முறை. ஒரு தேக்கரண்டிப் பொடியைப் பாலில் கலந்து மத்தியானம் குடித்தேன். சாயங்காலம்வரை ஒன்றும் இல்லை. மருந்து பலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே பலகையில் உட்கார்ந்தவன், மறுநாள் சூரியன் உச்சிக்கு வந்தபோது அதே பலகையில் கண்விழித்தேன். இரண்டு மூட்டை உலர்ந்த ஆவாரம்பூவைக் கடைத்தெரு ஆடுகள் தின்றுவிட்டுப் போயிருந்தன. தலை இரும்புக் குண்டு மாதிரி கனத்தது. மற்றபடி நான் பழைய நான்தான். தேர்வு எழுதினால் மறுபடி கோட் அடித்திருப்பேன்.

அதற்குப் பிறகு அளவைக் குறைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு கிள்ளு. மூன்று விரலால் எவ்வளவு வருமோ அவ்வளவு.

யாரும் தூங்காத போகம்

அந்தப் போகத்தில் எங்கள் பக்கம் யாருமே சரியாகத் தூங்கவில்லை. நெல்லுக்கு வந்த நோயால் அல்ல, சென்னையில் போட்ட சட்டத்தால்.

ஆட்சி மாறியிருந்தது. ஊருக்கு ஊர் கறுப்பு சிவப்பும் வெறும் சிவப்புமாகக் கொடிக்கம்பங்கள் முளைத்திருந்தன. வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது. காகிதம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விசாரித்து ஏற்றலாம். ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் அவரை நிலத்திலிருந்து எழுப்புவது லேசல்ல.

ஒரே சட்டத்தை நினைத்து நிலக்காரர் இந்தப் பக்கம் புரண்டார், குத்தகைக்காரர் அந்தப் பக்கம் புரண்டார். இரண்டு பேரும் தன் வீட்டுக்கு வந்து போனதால் கர்ணம் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். சிவப்புக் கொடிக்காரர்களின் விவசாயிகள் சங்கச் செயலாளர்கூட என்னிடம் வல்லாரை லேகியம் வாங்கினார். புரட்சிக்கு ஞாபகசக்தி வேண்டும் என்று காரணம் சொன்னார். கண்ணைப் பார்த்தால் தூக்கம்தான் குறை என்று தெரிந்தது.

பெரியவீட்டு ஐயா ஆள் அனுப்பிக் கூடை கூடையாக மருதாணிப் பூ வாங்கினார். அந்தப் பூவைத் துணியில் கட்டித் தலைமாட்டில் வைத்தால் தூக்கம் வரும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஐயாவுக்கு ஒரு பொட்டலம் போதவில்லை. தலையணையையே பிரித்து இலவம்பஞ்சை எடுத்துவிட்டுப் பூவைத் திணித்தார் என்று கேள்வி. அதன் பிறகும் அவர் தூங்கினதாகத் தகவல் இல்லை. எறும்பு வந்ததாகத் தகவல் உண்டு.

ஐயாவின் பதினோரு மா நிலத்தை, அதாவது மூன்றரை ஏக்கருக்குச் சற்று மேல், கோவிந்தராசு அண்ணன் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். அவருக்கு முன் அவருடைய அப்பா உழுதார். ஒரு காகிதமும் கிடையாது. அண்ணனும் ஒருநாள் கடைக்கு வந்தார்.

"தம்பி, தூக்கம் வர்றதுக்கு ஏதாச்சும் இருக்கா?"

"எத்தனை நாளாண்ணே தூங்கல?"

"நாத்து விட்டதுலேருந்து."

நாற்று விட்டு இருபது நாளைக்கு மேல் ஆகியிருந்தது.

"மனசுல என்னண்ணே?"

கடைத்தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஐயா கூப்பிட்டு விட்டாரு. 'ஆபீசர் வந்து கேட்டா, கூலிக்கு உழுறேன்னு சொல்லிடு கோவிந்தராசு. பேருக்குத்தான் அது. நீ எப்பவும்போலச் சாகுபடி பண்ணிக்க'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிங்கய்யான்னேன்."

"கூலி ஆளுன்னு எழுதிட்டா நாளைக்கே உங்களை வரப்பைவிட்டு எறக்கிவிடலாமேண்ணே."

"தெரியுது. வீட்டுக்கு வந்தப்புறம் தெரியுது. அவரு முன்னாடி நின்னா வாய் தானா சரிங்கய்யாங்குது. எங்கப்பாவுக்கும் அந்த வாய்தான். சொன்ன சொல்லை மாத்தவும் முடியல, மாத்தாம இருக்கவும் முடியல. வீட்டுல அவ என்கூடப் பேச்சை நிறுத்திட்டா."

இதற்குச் சங்க ஆபீசுக்குப் போயிருக்க வேண்டும். மருந்துக் கடைக்கு வந்திருந்தார். நானும் வந்தவரை விடாமல் வைத்தியம் பார்த்தேன். சின்ன வெங்காயத்தை வேகவைத்துத் தின்னச் சொன்னேன், உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்க்கச் சொன்னேன், மருதாணிப் பூவும் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து வந்தார். "கல்யாண வீட்டுல படுத்திருக்கிற மாதிரி வாசனையா இருக்கு தம்பி. தூக்கம்தான் வரல."

மூன்று விரல்

விசாரணைக்கு முந்தின நாள் காலையில் செல்லம்மா அக்கா வந்தார். நடவு ஆள். முழங்கால்வரை சேறு காய்ந்து வெள்ளையாகியிருந்தது.

"இன்னைக்காவது அவரு தூங்கணும் தம்பி. நல்லாத் தூங்கணும்."

"இருக்குக்கா. இதுவரைக்கும் யாருக்கும் குடுக்காத பொடி." இதில் பொய் இல்லை. ஆடுகள் தயவில் அதன் பெருமை கடைத்தெருவுக்குத் தெரிந்திருந்ததால் யாரும் வாங்கவில்லை.

பொட்டலம் மடித்தேன். "மூணு விரலால ஒரே ஒரு கிள்ளு. பசும்பால்ல கலந்து, சாப்பாட்டுக்கு அப்புறம் குடுங்க."

"கொஞ்சம் கூடிப்போச்சுன்னா?"

"தூக்கம் கூடும்."

"எவ்வளவு நேரம்?"

"நான் ஒரு கரண்டி குடிச்சேன். மறுநாள் உச்சி வரைக்கும் அசையல."

"உசுருக்கு ஒண்ணும் இல்லியே?"

"என்னைப் பாத்தா எப்படி இருக்கு?"

அக்கா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "அப்பச் சரி" என்றார்.

இவ்வளவு பொறுப்பாகக் கேள்வி கேட்ட வாடிக்கையாளர் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. படித்திருந்தால் பெரிய டாக்டராகியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நான் படித்தும் என்ன ஆனேன் என்பதையும் உடன் நினைத்துக்கொண்டேன்.

பாயச வாசனை

இப்போது வகுப்பறை.

அண்ணனை அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேர் மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. காபி விற்பதை விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். வெங்காயத்தை நசுக்கி மூக்கில் காட்டினேன். சுக்குக் காபியை உதட்டில் வைத்தேன். அண்ணன் அதைச் சப்புக்கொட்டிக் குடித்துவிட்டு மறுபடி தூங்கினார்.

"விடு தம்பி" என்றார் அக்கா. "ஒரு மாசமா தூங்காத மனுசன்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, குடிச்சிருக்காரா?"

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். கேள்வி விளையாட்டல்ல.

"இல்லீங்க. வேணும்னா வாயை மோந்து பாத்துக்குங்க."

அந்த வேலை கர்ணத்தின் தலையில் விழுந்தது. குனிந்து மோந்தார். யோசித்தார். மறுபடியும் மோந்தார். "பாயச வாசனை வருது சார்."

கூட்டம் சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை.

"சார், இவன் நம்ம பண்ணை ஆளு" என்றார். "கூலிக்கு உழுறவன். அவன் வாயாலயே சொல்லுவான்."

"அந்த வாய்தான் குறட்டை விடுதே" என்றார் அதிகாரி.

"சாயங்காலம் வரைக்கும் பொறுத்துப் பாக்கலாம் சார்."

"இன்னும் முப்பது பேர் வெளியில நிக்கிறாங்க. அடுத்த ஊரு வேற இருக்கு." அதிகாரி பேனாவை மூடப் போனார். "ஆள் வந்தும் வாக்குமூலம் இல்லைன்னு எழுதிடறேன்."

அப்படி எழுதினால் எல்லாம் முடிந்தது. அண்ணன் எழுந்திருக்கும்போது நிலம் இருக்காது.

அக்கா ஓர் அடி முன்னால் வந்தார்.

"ஐயா சொல்றது நெசமாவே இருக்கட்டுங்க. அவரு கூலி ஆளாவே இருந்துட்டுப் போறாரு. நான் யாருன்னு ஐயாவைக் கேளுங்க."

"நீயும் கூலி ஆளுதான்" என்றார் ஐயா.

"எந்த நாளு என்னை வேலைக்குக் கூப்பிட்டீங்க? யாரை விட்டுக் கூப்பிட்டீங்க?"

ஐயா கர்ணத்தைப் பார்த்தார். அக்கா காத்திருக்கவில்லை.

"நாத்தங்கால்ல வெதை விட்டது நான். நட்டது நான். களை பறிச்சது நான். களத்துல உங்க குத்தகை நெல்லை அளந்து விட்டப்ப மரக்காலைப் பிடிச்சதும் நான். உழுறது ஒண்ணுதான் சாகுபடியா? நிலத்தைப் பத்தி என்ன வேணா கேளுங்க சார். ஐயாவை ஒண்ணு, என்னை ஒண்ணு."

அதிகாரி பேனாவை மறுபடி திறந்தார். வடக்கை விட்டுவிட்டு மற்ற மூன்று எல்லையையும் கேட்டார். கிழக்கே வாய்க்கால், தெற்கே கோயில் நிலம், மேற்கே வண்டிப்பாதை என்று அக்கா மனப்பாடமாகச் சொன்னார். மடை எந்தப் பக்கம், எந்த மூலை பள்ளம், எங்கே தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும் என்று கேட்காததையும் சொன்னார்.

அதிகாரி ஐயா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். வடக்கு வரப்புல என்ன இருக்கு?"

"மாமரம்" என்றார் ஐயா உடனே. "பெரிய மாமரம்."

ஐந்தாம் வகுப்பு மொத்தமும் ஐயாவைத் திரும்பிப் பார்த்தது. பெருக்கல் கணக்கு தவறினால் வகுப்பு இப்படித்தான் பார்க்கும். என் சொந்த அனுபவம்.

"அது போன புயலுக்கு முந்தின புயல்லயே விழுந்துடுச்சுங்க" என்றார் அக்கா. "அந்தப் பலகையிலதான் உங்க மாட்டுக் கொட்டகைக் கதவு செஞ்சிருக்கு."

கர்ணம் இருமினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கோவிந்தராசு என்று எழுதியிருந்த இடத்தைக் கோடு போட்டு அடித்தார்.

"உம் பேரு என்னம்மா?"

"செல்லம்மாளுங்க."

"கையெழுத்துப் போடுவியா?"

"ரேகைதாங்க."

அக்கா இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு ஒரே அழுத்தாக அழுத்தினார். எங்கள் வட்டாரத்தில் பெண் பெயரில் குத்தகை பதிவானது அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். ஆட்சேபணை எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார், கொடுக்கவும் செய்தார். அந்த மாமரம் அவரைப் பின்தொடர்ந்து எல்லா விசாரணைக்கும் வந்தது. மரத்தைப் போலவே ஆட்சேபணையும் நிற்கவில்லை.

உச்சிக்கு அண்ணன் கண்ணைத் திறந்தார். கரும்பலகையை நெடுநேரம் பார்த்தார்.

"இது என்ன கணக்கு?" என்றார். பிறகு பதறி, "ஐயாகிட்ட சொல்லிட்டேனா?"

"சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு" என்றார் அக்கா. "எந்திரிங்க. நடவு கெடக்கு."

தேக்கரண்டி

திரும்பும் வழியில் வண்டிக்குப் பக்கத்திலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். "எவ்வளவுக்கா போட்டீங்க?"

"நீ சொன்ன மூணு விரல்தான் தம்பி. என் விரலு பெருசோ என்னமோ."

நான் அந்த விரல்களைப் பார்த்தேன். வருஷக்கணக்காகச் சேற்றில் ஊன்றித் தடித்த விரல்கள். உடனே எனக்கு ஒரு ஞானம் உதித்தது. மளிகைக்கடைக்காரரின் கிள்ளும் நடவு ஆளின் கிள்ளும் ஒன்றாகுமா? உழைக்கிறவர்களின் விரலுக்கு ஏற்ற அளவு நாட்டு வைத்தியத்தில் இல்லை என்று கடைத்தெரு முழுக்கப் பேசினேன். சங்கச் செயலாளர் அதை ஒரு கூட்டத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கினார். அன்றுமுதல் பொட்டலத்தோடு ஒரு சின்ன மரக்கரண்டியும் கொடுத்தேன்.

முதல் கரண்டியை வாங்கியது பெரியவீட்டு ஐயாதான். மருதாணிப் பூவை விட்டுவிட்டிருந்தார். "அந்தக் கோவிந்தராசுக்குக் குடுத்தியே, அதே பொடிதானே?" என்று கேட்டார். அதேதான் என்றேன். வாங்கிக்கொண்டு போனார்.

அண்ணன் அதற்குப் பிறகு மருந்து கேட்டு வரவே இல்லை. கொடுத்த வாக்கையும் மீறவில்லை, நிலமும் போகவில்லை. இந்த இரண்டும் சேர்ந்த பொடி எந்தக் கடையிலும் கிடையாது. "தூங்கி எந்திரிச்சேன், பொண்டாட்டி குத்தகைக்காரி ஆயிட்டா, நான் அவகிட்ட கூலி ஆளாயிட்டேன்" என்று மட்டும் சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் குறைப்பட்டுக்கொண்டார். அதைச் சொல்லும்போது சதை போட்டிருந்தார்.

மாமா தொடை கூடித் திரும்பி வந்ததும் நோட்டைப் பார்த்தார், டப்பாவை மோந்தார், சாவியை வாங்கிக்கொண்டார். என் வைத்திய வாழ்க்கை அதோடு முடிந்தது. வட்டாரத்தின் ஆரோக்கியம் முன்னேறியது.

மோர்

சமீபத்தில் மன்னார்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அவர்கள் கதையை எழுதப்போகிறேன், சொல்லிவிட்டு எழுதுவதுதான் மரியாதை என்று வழியில் அக்கா வீட்டில் இறங்கினேன். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். மாடி வீடு. அந்தப் பதினோரு மாவை, பிற்பாடு ஐயாவின் மகன்களே கேட்டு வந்து அக்காவுக்கே விற்றுவிட்டார்கள்.

அக்காவுக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. எனக்கும் என் மனைவிக்கும் வண்டி ஓட்டி வந்த தம்பிக்குமாக மூன்று தம்ளரில் மோர் ஊற்றினார். உப்பு ஜாடிக்குள் மூன்று விரலை விட்டார். ஒரு கிள்ளு, ஒரு தம்ளர். ஒரு கிள்ளு, ஒரு தம்ளர். ஒரு கிள்ளு.

மனைவி குடித்துவிட்டுச் சொன்னாள், "உப்பு கணக்கா இருக்குங்க." தன் தம்ளரைக் குடித்து, என் தம்ளரையும் வாங்கிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோல இருந்தன.

"நடவு விரலும்மா" என்றார் அக்கா. "நாத்து முடியில விரலை விட்டா மூணு நாத்துதான் வரணும். நாலு வந்தா பயிர் நெருக்கும், ரெண்டு வந்தா வயலு வெளுக்கும். குனிஞ்சு எண்ணிக்கிட்டா நட முடியும்? விரலே எண்ணிக்கும்."

நான் தம்ளரைக் கீழே வைத்தேன். மரக்கரண்டி, கடைத்தெருச் சொற்பொழிவு, சங்கக் கூட்டத்தின் கைதட்டு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"அப்ப அன்னைக்கு ராத்திரி எப்படிக்கா கிள்ளு கூடிப்போச்சு?"

அக்கா ஜாடியை மூடினார். உள் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். அங்கே கட்டிலில், விசிறிக்குக் கீழே, கோவிந்தராசு அண்ணன் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். அதே குறட்டை.

"அன்னைக்குக் கிள்ளல தம்பி. அள்ளினேன்."

நான் வாயைத் திறந்தேன்.

"மெதுவாப் பேசு" என்றார் அக்கா. "அவரு முழிச்சுக்கப் போறாரு."